மலையில் பெய்யும் மழை காற்றை எப்படி இழுக்கிறது?

ஆடி மாதத்தில் ஒருமுறை கம்பத்திலிருந்து குமுளிக்குப் பஸ் ஏறிப் பாருங்கள். கம்பத்தில் காற்று சுழற்றி அடிக்கும். தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகக் கிழக்கே சாய்ந்து கிடக்கும். திராட்சைப் பந்தல் மேல் வெயில் விழும். அப்பப்போ நாலு சொட்டு சாரல் தெறிக்கும், மண் நனைவதற்குள் நின்றுவிடும். கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப் தாண்டி, வளைவுகளில் பஸ் முனகிக்கொண்டே ஏற ஏற, ஜன்னல் கம்பி ஜில்லிடத் தொடங்கும். குமுளியில் இறங்கும்போது குடை இல்லாமல் நடக்க முடியாது. கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

குமுளிக்கு மேற்கே இருக்கும் பீர்மேட்டில் ஓர் ஆண்டில் 4,000 மி.மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நேர்க்கோட்டில் அளந்தால் 40 கிலோமீட்டர்கூட வராத கம்பம் பள்ளத்தாக்கில் அதில் நான்கில் ஒரு பங்கு வருவதே அதிகம். வடக்கே மகாராஷ்டிரத்திலும் இதே கதைதான். மலை உச்சியில் இருக்கும் மகாபலேஷ்வரில் 5,500 மி.மீட்டருக்கு மேல், மலைக்குக் கிழக்கே புனேயில் 700 சொச்சம்.

ஏன் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வரும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறினால் குளிர்கிறது. குளிர்ந்தால் ஈரம் மழையாகிறது. மறுபக்கம் இறங்கும் காற்றில் ஈரம் மிச்சமில்லை. அதனால் அந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். இதைப் பாடப் புத்தகம் வருவதற்கு முன்பே தமிழ் கவனித்து வைத்திருக்கிறது. நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் உண்டல்லவா? கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. கொண்டல் என்றால் மழை மேகம். கோடை என்றால் வெயில் காலம். இதே மேற்குக் காற்றுதான் கேரளத்துக்கு மழை கொண்டு வருகிறது. அதற்குக் கோடை என்று பெயர் வைக்க வேண்டுமென்றால், மலைக்குக் கிழக்கே நின்றுகொண்டிருக்க வேண்டும்! இலங்கையிலும் இப்படித்தான். தென்மேற்குப் பருவத்தில் இரத்தினபுரி பக்கம் மழை கொட்டும்போது, மத்திய மலைநாட்டைத் தாண்டி மட்டக்களப்பில் இறங்கும் வறண்ட சூட்டுக் காற்றை அங்குள்ளவர்கள் கச்சான் என்கிறார்கள்.

பாடம் இத்தோடு முடிந்துவிடுகிறது. காற்று வந்தது, மலை பிழிந்தது, மழை பெய்தது. மழைதான் கடைசி, அதற்கப்புறம் ஒன்றுமில்லை என்பதுபோல. எனக்கு இதில் நெடுநாளாக ஒரு குறை உண்டு. மழை பெய்த பிறகுதான் இந்தக் கதையின் பெரிய பாதியே தொடங்குகிறது. காற்று மழையைக் கொண்டு வருகிறது என்பது எவ்வளவு உண்மையோ, அந்த மழை காற்றை இழுக்கிறது என்பதும் அவ்வளவு உண்மை.

இட்லிப் பானையிலிருந்து தொடங்குவோம். மூடியைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டவர்களுக்குத் தெரியும், கொதிக்கும் தண்ணீர் தெறித்தால் வரும் எரிச்சலைவிட அது மோசம். இரண்டும் 100 டிகிரிதான். ஆனால் ஆவி தோலில் பட்டதும் தண்ணீராக மாறுகிறது. அப்படி மாறும்போது, முன்பு அடுப்பில் அது வாங்கிக்கொண்ட வெப்பத்தை மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு கிராம் கொதிநீர் 100 டிகிரியிலிருந்து நம் உடல் சூட்டுக்கு ஆறினால் 63 கலோரி வெப்பம் வெளிவரும். ஒரு கிராம் நீராவி வெறுமனே தண்ணீராக மாறுவதிலேயே 540 கலோரி வெளிவரும். நீராவிக்குள் ஒளிந்திருக்கும் இந்த வெப்பத்துக்குத்தான் உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

கடலிலிருந்து எழும் நீராவியும் அப்படித்தான். அதற்கு அடுப்பு சூரியன். தெற்கு இந்தியப் பெருங்கடலிலும் அரபிக்கடலிலும் வெயில் பட்டு ஆவியான ஒவ்வொரு கிலோ தண்ணீரும் சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறது. காற்று அதைச் சுமந்து நிலநடுக்கோட்டைத் தாண்டி, சோமாலியாக் கரையோரமாகத் திரும்பி, நம் மேற்குக் கரைக்கு வருகிறது. வழியெல்லாம் அந்த வெப்பம் வெப்பமானியில் தெரியாது. மலையேறி மேகமாகும் நேரத்தில்தான் மூட்டை அவிழ்கிறது.

எவ்வளவு வெப்பம் என்று ஒரு கணக்குப் போடலாம். 1 செ.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ தண்ணீர். அது ஆவியிலிருந்து மழையானபோது வெளிவந்த வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 7 யூனிட். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீட்டருக்கு மேல் மழை பெய்தது நினைவிருக்கும். அந்த ஒரு நாளில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 550 யூனிட்டுக்கு மேல் கணக்காகிறது. தமிழ்நாட்டில் அப்போது ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைத்தது 100 யூனிட். ஒரு பாய் விரிக்கும் இடத்துக்கு மேலே, ஒரே நாளில், அதைப் போல பத்து மடங்குக்குக் குறையாமல் வெப்பம் கொட்டியிருக்கிறது. மழை விழுந்த இடத்துக்கு நேர் மேலேயேதான் அத்தனை ஆவியும் நீரானது என்று சொல்ல முடியாது. காற்று மேகத்தை நகர்த்திக்கொண்டேதான் இருக்கும். ஆனாலும் அந்த மலைச்சரிவைச் சுற்றிய வானத்தில்தான் அது நடந்தது.

சரி, இத்தனை வெப்பம் வெளிவந்தால் அவலாஞ்சி கொதித்திருக்க வேண்டாமா? அங்கே இருந்தவர்கள் குளிரில் நடுங்கினார்கள். அப்படியானால் வெப்பம் எங்கே போனது?

வெப்பம் கிடைத்த காற்று மேலே போய்விடுகிறது. 1 செ.மீ. மழையின் வெப்பம் முழுவதும் தலைக்கு மேலுள்ள காற்றிலேயே தங்கினால், தரையிலிருந்து வான் உச்சி வரை அத்தனை காற்றும் 2.5 டிகிரி சூடேறும். 10 செ.மீ. மழைக்கு 25 டிகிரி. அப்படி எங்கும் நடப்பதில்லை. சூடான காற்று லேசாகி எழும்புகிறது. எழும்பும்போது விரிந்து குளிர்கிறது. மழை கொடுக்கும் சூடும், எழும்புவதால் வரும் குளிர்ச்சியும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடுகின்றன. வெப்பமண்டல வானத்தில் மழையின் வெப்பம் பெரும்பாலும் காற்றை உயர்த்தும் வேலையாகத்தான் செலவாகிறது. ஒரு மழைப் பட்டையைப் பார்த்தால், அதைத் தண்ணீர் கொட்டும் இடமாக மட்டும் பார்க்காதீர்கள். அது காற்றை அண்ணாந்து இழுக்கும் புகைபோக்கியும்கூட.

புகைபோக்கியில் புகை மேலே போனால் அடுப்பின் வாயில் காற்று உள்ளே வந்துதானே ஆக வேண்டும்? மலை மேல் எழும்பிய காற்றின் இடத்தை நிரப்பக் கீழே பக்கவாட்டிலிருந்து காற்று வருகிறது. கடல் பக்கமிருந்து வருவது ஈரக் காற்று. அதுவும் மலையேறுகிறது, மழையாகிறது, வெப்பம் விடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்னொரு விசேஷம் உண்டு. இங்கே மழை பெய்யும் மேகங்களில் பல அதிக உயரம் போகாதவை. இடி மின்னல் அதிகம் இல்லாமல், நாள் முழுக்க அழுத்தமாகப் பெய்பவை. மேகம் தாழ்வாக இருப்பதால் அதன் வெப்பமும் தாழ்வான உயரத்திலேயே சேர்கிறது; அதனால் இழுப்பும் கீழ்க்காற்றில்தான் விழுகிறது. ஈரம் இருப்பதும் அங்கேதான். மகாபலேஷ்வரில் 2012 முதல் மேகங்களுக்கென்றே ஓர் ஆய்வகம் நடக்கிறது. அங்கே மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு போவதால், விமானம் ஏறாமலேயே மேகத்துக்குள் கருவிகளை வைத்து அளக்க முடிகிறது.

மலை மட்டும் இல்லையென்றால் இந்த அடுப்பு நிலையாக ஓர் இடத்தில் இருக்காது. கடல் மேல் உருவாகும் மழைக் கூட்டம் இன்று இங்கே, நாளை அங்கே என்று அலையும். மலை அதைக் கட்டிப்போடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஒரே கோட்டில், நாள் தவறாமல் வெப்பம் வெளிவந்தால் வானம் முழுவதும் அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதைத் தெளிவாகப் பார்க்க செயற்கைக்கோள் வேண்டியிருந்தது. தரையில் மழைமானி வைக்கலாம். கடலில் எங்கே வைப்பது? ஜப்பானும் அமெரிக்காவும் சேர்ந்து 1997 நவம்பரில் அனுப்பிய டி.ஆர்.எம்.எம். செயற்கைக்கோளில் மழையை அளக்கும் ரேடார் இருந்தது. சில கிலோமீட்டர் நுணுக்கத்தில் கடலையும் மலையையும் ஒன்றாகப் பார்த்த அந்தப் படங்களில், ஆசியப் பருவமழை போர்வை விரித்தது போல எங்கும் சமமாகப் படர்ந்திருக்கவில்லை. கோடு கோடாக இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்கே ஒரு கோடு. மியான்மரின் அரக்கான் மலைக்கு மேற்கே, வங்காள விரிகுடாவின் கிழக்குக் கரையில் இன்னொன்று. வியட்நாம்–லாவோஸ் எல்லையில் அன்னமைட் மலையின் மேற்குச் சரிவில் ஒன்று. பிலிப்பைன்ஸ் தீவுகளின் மேற்கே ஒன்று. எல்லாமே இமயமலைக்கு முன் குன்றுகள் போன்ற, அகலம் குறைந்த மலைகள். ஷாங்-பிங் ஷியே என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் 2006-இல் இதை எழுதியபோது சொன்ன முக்கியமான விஷயம்: இந்தக் குறுகிய மலைகள் தங்கள் சரிவை நனைப்பதோடு நிற்கவில்லை, அவை கட்டிப்போட்ட மழையின் வெப்பம் கண்டம் அளவுக்கு விரிந்த காற்றோட்டத்தையே மாற்றுகிறது.

அந்தப் படங்களில் இன்னொன்றும் தெரிந்தது. பல இடங்களில் மழைப் பட்டை கரையைத் தொடுவதற்கு முன்பே, கடல் மேலேயே தொடங்கிவிடுகிறது. மலை இருப்பது காற்றுக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்? டோல்கேட்டில் நிற்கும் முதல் வண்டிக்குப் பின்னால் அரை கிலோமீட்டருக்கு வரிசை நீள்வது மாதிரிதான். மலை தடுப்பதால் காற்று கரைக்கு முன்பே வேகம் குறைந்து தேங்குகிறது. பின்னால் வரும் காற்று அதன் மேல் ஏறுகிறது. மலையைத் தொடாமலேயே மேகம் எழுகிறது. வானிலைச் செய்தியில் “கேரளம் முதல் குஜராத் வரையிலான கடலோரப் பகுதியில் நிலவும் காற்றழுத்தத் தாழ்வு நிலை” என்று அடிக்கடி வருமே, அந்தத் தாழ்வு நிலை அமைவதற்கும் மலைக்கும் மழைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

அரக்கான் மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம் ஊரில் அதை யாரும் பேசுவதில்லை. அதன் மேற்குக் கரையில் சிட்வே பக்கம் ஆண்டுக்கு 4,000 மி.மீட்டருக்கு மேல் மழை. மலைக்கு அந்தப் பக்கம் பகான், மண்டலே எல்லாம் மியான்மரின் வறண்ட பகுதி. கம்பத்துக்கும் பீர்மேட்டுக்கும் நடுவே இருக்கும் அதே வித்தியாசம்தான் அங்கேயும். ஆனால் அங்கே மேகங்கள் உயரமானவை, வெப்பம் கூடுதல், எட்டும் தூரமும் கூடுதல். பூமி சுழல்வதால், வெப்பமண்டலத்தில் ஓர் இடத்தில் தொடர்ந்து சூடு கிடைத்தால் அதன் விளைவு இரு பக்கமும் ஒரே மாதிரி பரவாது. மேற்கே பெரிய காற்றுச் சுழல்கள் எழுகின்றன. கிழக்கே வேறு விதமான அலை ஓடுகிறது. ஜப்பானின் மட்சுனோ 1966-இலும், ஏட்ரியன் கில் 1980-இலும் இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். வங்காள விரிகுடாவின் கிழக்கிலும் வடக்கிலும் பெய்யும் மழையின் வெப்பம் தனக்கு மேற்கே, நம் ஊரில் வீசும் மேற்குக் காற்றுக்கும் வலு சேர்க்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்றில் மியான்மர் மழைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராத விஷயம். மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் அடைத்திருந்தால் அந்தக் காற்றும் இங்கே இப்படி வீசாது. பாலக்காட்டுக் கணவாயும் ஆரல்வாய்மொழியும் திறந்திருப்பதால்தான் உடுமலையிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் சுற்றுகின்றன.

விளைவு நம்மோடும் நிற்கவில்லை. மார்க் ராட்வெல், பிரையன் ஹாஸ்கின்ஸ் இருவரும் 1996-இல் காட்டியது இது: ஆசியப் பருவமழையின் வெப்பம் எழுப்பும் அலைகள் மேற்கே போய், கிழக்கு மத்தியதரைக் கடலுக்கும் கிழக்குச் சகாராவுக்கும் மேலே காற்றைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. இறங்கும் காற்றில் மேகம் நிற்காது. கோடையில் அங்கே ஒரு மேகம்கூட இல்லாத நீல வானம் இருப்பதற்கு, இங்கே கொட்டும் மழையும் ஒரு காரணம்.

மழை காற்றை இழுக்கும், காற்று மழையைக் கொண்டு வரும் என்றால் இது நிற்காமல் பெருகிக்கொண்டே போகாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. போவதில்லை. மேகம் வெயிலை மறைக்கிறது, மழை நிலத்தையும் கடலையும் குளிரவைக்கிறது, மேலிருந்து வறண்ட காற்று உள்ளே நுழைகிறது. அப்புறம் மழைப் பட்டையே இடம் மாறும். ஜூலை, ஆகஸ்டில் சில நாள் அது வடக்கே நகர்ந்து இமயமலை அடிவாரத்தோடு ஒட்டிக்கொள்ளும். நாட்டின் நடுப்பகுதியில் மழை நின்றுபோகும். அதைத்தான் பருவமழை இடைவெளி என்பார்கள். அடிவாரத்தில் அப்போது வெள்ளம் வரும். தமிழ்நாட்டுக்கு அந்த நாள்கள் நல்லவை. மேற்குக் காற்று தளர்வதால், சாயங்காலம் சென்னைப் பக்கம் இடியோடு மழை இறங்கும்.

இமயமலை என்றதும் இதில் பெரிய சண்டையே இருக்கிறது. நிலமும் கடலும் சூடேறும் வேகத்தில் இருக்கும் வித்தியாசம்தான் பருவக்காற்றுக்குக் காரணம் என்று எட்மண்ட் ஹாலி 1686-இலேயே எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் ஹெர்மன் ஃப்ளோன் போன்றவர்கள் திபெத் பீடபூமியைக் கைகாட்டினார்கள். கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கு மேல், ஏறத்தாழ 25 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. அவ்வளவு உயரத்தில் வெயிலில் காயும் தட்டு, நடுவானத்தையே நேராகச் சூடாக்கும். அதுதான் பருவமழையின் அடுப்பு என்றார்கள். நாமும் அப்படித்தான் படித்தோம். 2010-இல் வில்லியம் பூஸ், ஜிமிங் குவாங் இருவரும் கணினியில் திபெத்தைத் தரைமட்டமாக்கிவிட்டு, தெற்கே இமயமலையை மட்டும் ஒரு மதில் போல நிறுத்திப் பார்த்தார்கள். தென்னாசியப் பருவமழை பெரிதாகக் குறையவில்லை! வடக்கிலிருந்து வரும் வறண்ட, குளிர்ந்த காற்று உள்ளே கலக்காமல் இமயமலை தடுக்கிறது. தெற்கே ஈரமும் சூடும் சேர்ந்துகொள்கின்றன. அதுதான் முக்கியம் என்றார்கள். சீனாவின் வூ குவோசியோங் குழு 2012-இல் மறுத்தது: வெறும் மதில் போதாது, அந்தச் சரிவுகள் சூடேறிக் காற்றை மேலே இழுப்பதும் வேண்டும். விவாதம் முடியவில்லை. இரண்டு தரப்புக்கும் நடுவில் மலைச்சரிவில் பெய்யும் மழை நிற்கிறது என்பதுதான் என் கண்ணுக்குப் படுவது. மதில் ஈரத்தைச் சேர்த்தால் அங்கே மழை பெய்யும். பெய்தால் வெப்பம் வெளிவரும். வெளிவந்தால் காற்று எழும். மதிலா அடுப்பா என்று பிரிக்க முடியாதபடி மழை இரண்டையும் கட்டிவைத்திருக்கிறது.

அந்த வெப்பத்தின் அடையாளம் சென்னைக்கு மேலேயே இருக்கிறது. பி. கோடீஸ்வரம் என்ற இந்திய வானிலை விஞ்ஞானி 1958-இல் ஒரு காற்றைப் பற்றி எழுதினார். பருவமழைக் காலத்தில் கீழே மேற்குக் காற்று வீசும்போது, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில், சென்னை இருக்கும் அட்சரேகையை ஒட்டி, அதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு வேகமான காற்றோடை ஓடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். வட இந்தியாவுக்கும் திபெத்துக்கும் மேலுள்ள வானம் சூடாகவும், நிலநடுக்கோட்டுக்கு மேலுள்ள வானம் அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருப்பதால் பிறக்கும் காற்று அது. மழை விட்ட வெப்பம் இல்லாமல் அந்த வித்தியாசம் அவ்வளவு தூரம் வளராது.

இதெல்லாம் ஆராய்ச்சியாளர்களின் கவலை மட்டும் இல்லை. வானிலைக் கணிப்புக்குக் கணினி பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. ஒரு கட்டம் 100 கிலோமீட்டர் என்றால் கம்பமும் பீர்மேடும் ஒரே கட்டத்துக்குள் விழும். கணினிக்கு மேற்குத் தொடர்ச்சி மலை தேய்ந்துபோன மேடாகத்தான் தெரியும். மேட்டில் மழை குறையும். பெய்ய வேண்டிய இடத்தில் பெய்யாது. அதன் வெப்பமும் தப்பான இடத்தில் விழும். அங்கே பிசகினால் காற்று பிசகும், காற்று பிசகினால் அடுத்த வார மழை பிசகும். இந்தியா 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டத்தில் இயங்கும் கணிப்பு முறையைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு தேவை. பூமி ஒரு டிகிரி சூடேறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்க முடியும். கூடுதல் நீராவி என்றால் கூடுதல் தண்ணீர் மட்டுமல்ல, கூடுதல் வெப்பமும்தான். அது எந்தச் சரிவில் இறங்கும் என்று சொல்ல, மலையை மலையாகவே வரைந்த கணக்கு வேண்டும்.

குமுளியிலிருந்து திரும்பி இறங்கும்போது லோயர் கேம்பில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால், மலைச்சரிவில் பெருங்குழாய்கள் இறங்குவது தெரியும். மேற்கே பெய்த மழைதான் அது. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையில் தேங்கி, மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து, மின்சாரம் எடுத்த பிறகு கம்பம் பள்ளத்தாக்கின் வயலுக்கும் மதுரைக்கும் போகிறது. அந்த மழையின் தண்ணீர் மலைக்குள்ளே வருகிறது. வெப்பத்தில் ஒரு பங்கு மலைக்கு மேலே வருகிறது. கடலோரத்தில் 28 டிகிரியில் கிளம்பும் காற்று, மேகமாகாமல் 400 மீட்டர் ஏறும்போது 24 ஆகிறது. அதற்கு மேல் மழை பெய்துகொண்டே ஏறுவதால் மெதுவாகத்தான் குளிர்கிறது, கிலோமீட்டருக்கு நான்கரை டிகிரி அளவில். முகடு 2,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது மேகம் இல்லை. கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 10 டிகிரி சூடேறுகிறது. மீண்டும் 400 மீட்டர் உயரத்துக்கு வரும்போது 32-க்கும் மேல். ஏறும்போது அதே உயரத்தில் 24 இருந்த காற்று! இடையில் இருக்கும் எட்டு டிகிரிக்கும் மேலான சூடு, மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை விட்டுச் சென்றது. கம்பத்தில் மாடிக் கொடியில் போட்ட ஈர வேட்டி ஆடிக்காற்றில் பத்து நிமிடத்தில் காய்ந்து படபடக்கிறதே, அதைக் காயவைப்பதில் பீர்மேட்டு மழையின் சூடும் இருக்கிறது.